கூண்டு எண் கேட்டுப் போகும் பயணம்

ஐப்பசி, கார்த்திகையில் சிதம்பரத்திலிருந்து வேதாரண்யம் வரை கடலோரமாகப் பேருந்து மாறி மாறிப் போகிறவருக்குச் செலவு குறைவு, நனைவதுதான் அதிகம். நாகைப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தானே கொட்டுகிறது!

மழைக்கு ஒதுங்கத் தரங்கம்பாடி தோது. 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டை அங்கே இருக்கிறது. கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கியதும் அந்த ஊரில்தான்.

நாகப்பட்டினத்தில் மட்டும், துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் புயல் கூண்டின் எண்ணை விசாரித்துக்கொள்வது நல்லது. 1, 2 என்றால் புயல் தொலைவில். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவேதான். கூண்டு எண் ஏறினால், மேற்கே போகத் திருவாரூர்ப் பேருந்து இருக்கவே இருக்கிறது.