அப்பாவின் மாத்திரையும் நான் வாங்கிய உப்பும்

இன்னைக்கு டெக் விஷயம் இல்ல. போன மாசம் குன்னூர்ல எங்க அப்பாவோட ரத்தப் பரிசோதனையில பொட்டாசியம் 6.1-னு வந்தது. 5 பக்கம் தாண்டக் கூடாது. அவருக்கோ எந்தத் தொந்தரவும் தெரியல. வழக்கம்போல எஸ்டேட் ரோட்டுல நடந்துட்டு வந்து டீ குடிச்சிட்டிருந்தார். டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார், இதயத் துடிப்பு தடுமாறுதான்னு பார்க்க. நல்லவேளை, இல்ல. அப்புறம் ஒரு கேள்வி: "வீட்டுல என்ன உப்பு?"

அந்த உப்பை ஆன்லைன்ல வாங்கி அனுப்பினது நான்தான். பி.பி.க்கு நல்லதுன்னு 'லோ சோடியம்' உப்பு. சோடியத்தைக் குறைச்ச இடத்துல பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பாங்க. பாக்கெட் பின்னாடியே போட்டிருந்தது. நான் படிக்கல.

அப்பாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும். அதுக்கு லேசிலாக்டோன், கூட ராமிப்ரில். லேசிலாக்டோன்ல ரெண்டு மருந்து இருக்கு: ஃப்ரூசமைடு, ஸ்பைரோனோலாக்டோன். ரெண்டுமே நீரை வெளியேத்தும். பொட்டாசியம் விஷயத்துல மட்டும் நேரெதிர்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. வெளிய போறது ஒன்றரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் திரும்ப உள்ள. சோடியம் போற பக்கம் தண்ணியும் போகும். குழாயோட கடைசிப் பகுதி, நம்ம கல்லாறு செக்போஸ்ட் மாதிரின்னு வெச்சுக்கங்க. அங்க இருக்கிற செல்கள் சோடியத்தை உள்ள இழுக்கும், பதிலுக்குப் பொட்டாசியத்தைச் சிறுநீர்ல தள்ளும். இந்த வேலையை முடுக்கிவிடுற ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன்.

ஃப்ரூசமைடு இதுக்கு மேல, முந்தின கட்டத்துலயே சோடியத்தை விட்டுடுது. அதனால செக்போஸ்டுக்குக் கூட்டம் அதிகம், மாத்து வேலையும் அதிகம், பொட்டாசியம் இழப்பு. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோன் உட்கார்ற இடத்தைப் பிடிச்சுக்குது. செல் புதுசா சோடியம் வாசல்களைச் செய்யுறது குறையும், பொட்டாசியம் உடம்புலயே தங்கும். இதுக்குச் சில நாள் ஆகும். அமிலோரைடுன்னு இன்னொன்னு, அந்த வாசலையே நேரா அடைக்கும். சில மணி நேரத்துல வேலை செய்யும். நம்ம பாஷையில, முதலாவது கான்ஃபிக் ஃபைல்ல கை வைக்குது, ரெண்டாவது போர்ட்டையே மூடுது.

ராமிப்ரில் ஆல்டோஸ்டிரோன் சுரப்பையே குறைக்கும். ஆக வெளிய போற வழி ரெண்டு பக்கமும் குறுகிடுச்சு. அதுல நான் வேற கரண்டி கரண்டியா பொட்டாசியம் அனுப்பியிருக்கேன்!

அதுக்காக மாத்திரை மேல கோபப்படாதீங்க. 1999-ல வெளியான ரேல்ஸ் ஆய்வுல 1,663 இதய நோயாளிகள். ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தவங்ககிட்ட மரண அபாயம் 30 சதவீதம் குறைஞ்சது. எல்லாரும் எழுத ஆரம்பிச்சாங்க. கனடாவோட ஒன்டாரியோவுல, ராமிப்ரில் வகை மருந்து எடுக்கிற வயசான இதய நோயாளிகளைக் கணக்கெடுத்தாங்க. பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில சேர்றது 1994-ல ஆயிரத்துக்கு 2.4, 2001-ல 11. மருந்து அதேதான், ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்களாங்கிறதுதான் கேள்வி.

டாக்டர் மாத்திரை அளவைப் பாதியாக்கினார், சாதா உப்புக்கே திரும்பச் சொன்னார், அதுவும் கம்மியா. அப்பாவோட பெரிய கவலை ஊட்டி உருளைக்கிழங்கு. தோல் சீவி, சின்னதா நறுக்கி, நிறைய தண்ணில வேகவெச்சு வடிச்சா கொஞ்சம் பொட்டாசியம் தண்ணியோட போயிடும், அளவா சாப்பிடலாம்னார். அம்மா அப்படித்தான் செய்யறாங்க. ருசியே இல்லைன்னு அப்பா தினம் போன்ல புகார். போன வாரம் பொட்டாசியம் 4.8.