மணிக்கு மணி ஒரு வண்டி

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா கிளம்பும் நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "அங்கே ரயிலுக்கு எத்தனை நாள் முன்னாடி ரிசர்வ் பண்ணணும்?" என்பதுதான். பண்ண வேண்டாம் என்றால் லேசில் நம்பமாட்டார்கள். தட்கலிலும் வெயிட்டிங் லிஸ்ட்டிலும் அடிபட்ட மனசு.

உண்மை அதுதான். அந்த நாட்டுக்குள் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவே தேவையில்லை. சாதாரண டிக்கெட் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு. எந்த வண்டியில் ஏறுவது என்பது உங்கள் பாடு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது. பெரிய ஊர்களுக்கு நடுவே அரை மணிக்கு ஒன்று, சின்ன ஊர்களுக்கும் அநேகமாக மணிக்கு ஒன்று. 9.02-க்கு ஒரு வண்டி இருந்தால் 10.02-க்கும் 11.02-க்கும் இருக்கும். நாடு முழுக்க இந்த ஏற்பாடு 1982-இல் வந்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு சுவாரஸ்யமானது. சூரிக், பெர்ன், பாஸல் போன்ற சந்திப்பு நிலையங்களுக்குப் பல திசைகளிலிருந்தும் வரும் வண்டிகள், மணி அடிப்பதற்குச் சற்று முன் உள்ளே வந்துவிடும். பயணிகள் பிளாட்பாரம் மாறி ஏறிக்கொள்வார்கள். மணி அடித்துச் சில நிமிடங்களில் எல்லாம் கிளம்பிவிடும். ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் இரண்டு சந்திப்புகளுக்கு இடையே உள்ள பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிக்கிலிருந்து பெர்னுக்கு முன்பு அதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆனது. அந்தச் சில நிமிடங்களைக் குறைக்கத்தான் புதிதாக ஒரு பாதை போட்டு 2004-இல் திறந்தார்கள். இப்போது 56 நிமிடம். இன்னும் வேகமாகப் போகலாமே என்றால், போய் என்ன செய்வது? அடுத்த வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். ஜப்பான், பிரான்ஸின் அதிவேக ரயில்களைப் பார்த்து வாய்பிளக்கும் நமக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். மூன்று வண்டி மாறி ஒரு மலைக் கிராமத்துக்குப் போய், அங்கே நமக்காகவே நிற்பதுபோல் மஞ்சள் நிறத் தபால் பேருந்து நிற்பதைப் பார்த்தால் அருமை புரியும்.

நிலையத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருப்பது புறப்படும் வண்டிகள். நுழைவாயிலில் கதவு, தடுப்பு எதுவும் கிடையாது. அதனால் டிக்கெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பரிசோதகர் உள்ளே வருவார், அபராதமும் பலமாக இருக்கும். தள்ளுபடி விலையில் விற்கும் டிக்கெட்டில் மட்டும் கவனம் தேவை: அது குறிப்பிட்ட அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும்.

விலைதான் கையைக் கடிக்கும். வெளிநாட்டவர்களுக்கென்று இரண்டு வழி உண்டு. ஒன்று, இத்தனை நாளுக்கு என்று வாங்கும் டிராவல் பாஸ். ரயில், பேருந்து, ஏரிப் படகு, பல அருங்காட்சியகங்கள் எல்லாம் அதிலேயே அடக்கம். மற்றொன்று அரைக் கட்டண அட்டை. தினமும் ஊர் மாறுகிறவர்களுக்குப் பாஸ் சரி. ஓர் ஊரில் தங்கி, இரண்டு மூன்று மலைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு அரைக் கட்டண அட்டைதான் லாபம் என்பேன். ஏனென்றால் 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃபிராவ்யோக் போன்ற இடங்களுக்குப் பாஸ் முழுதாகச் செல்லாது. சலுகை மட்டும்தான் கிடைக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம், பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, விளம்பரத்தில் மயங்கும் விஷயம். கிளேசியர் எக்ஸ்பிரஸ், ஸெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், சுமார் எட்டு மணி நேரம். கூரை வரை கண்ணாடி. இதற்கு முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் ஊர்க்காரர்கள் போகும் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில இடங்களில் மாற வேண்டும், அவ்வளவுதான். நடுவில் பிடித்த ஊரில் இறங்கிக் காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கவும் முடியும். புகைப்படம் எடுப்பவர்களுக்கு அந்தத் திறந்த ஜன்னல் போதும்.

ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பெர்னினா பாதையைத்தான் சொல்வேன். 1910-இல் முழுதாகத் திறந்தது. செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஏறி 2,253 மீட்டரைத் தொட்டு, இத்தாலியின் திரானோவில் 429 மீட்டருக்கு இறங்கிவிடும். 14 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்ற செங்குத்திலும் பல்சக்கரத்தின் உதவி கிடையாது.

நம் நீலகிரி ரயிலுக்குக் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் வேண்டும். அங்கே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அந்தப் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் சுவிஸ் பொறியாளர். குன்னூர் மலையில் காலங்காலமாகப் புகைவிட்டு ஏறிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள், சூரிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. நீலகிரி ரயில் 2005-இலும் பெர்னினா 2008-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

பெர்னினா பாதையின் உச்சியில் வெள்ளை ஏரி என்றொரு ஏரி வரும். அந்த இடம்தான் நீர்ப்பிரி மேடு. வடக்கே வழியும் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், தெற்கே வழிவது ஏட்ரியாடிக் கடலுக்கும் போகிறது. பிறகு புரூசியோவில் வண்டி ஒரு கல்பாலத்தின் மேல் வட்டமடித்து, தான் வந்த பாதைக்கே கீழே நுழைந்து இறங்கும். திரானோவில் கார்களோடு கார்களாகத் தெருவிலேயே ஓடி நிலையம் சேரும். அது இத்தாலி மண், ஆகவே பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். செயின்ட் மோரிட்ஸுக்குத் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும், சாப்பிட உட்காருவதற்கு முன்பே மஞ்சள் தாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.