அட்டிலில் இருவர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் அகப்பாடல்களில் கணவனும் மனைவியும் சமையலறையில் ஒருங்கே நிற்கும் காட்சி மிக அரிது. களவுக் காலத்தில் இருவரும் சேர்ந்து அருவியாடுவர். தினைப்புனத்தில் அவள் கிளி ஓட்டுவாள், அவன் வந்து நிற்பான். கற்பு என்று வந்தவுடன் அவள் அட்டிலுக்குள் சென்றுவிடுகிறாள். அவனோ வினைமேற் போகிறான், அல்லது பரத்தையிடம் போகிறான். இருவரையும் மீண்டும் ஒரு கூரையின்கீழ் வைத்துப் பார்த்த பாடல் என்று கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாடலை, 167ஆம் பாடலை, ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்.

அப்பாடலின் செய்தி எளிது. புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைக் கையாலேயே பிசைகிறாள். கையைத் துணியில் துடைத்துக்கொள்கிறாள். அத்துணியை மாற்ற நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அப்படித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. இதைக் கண்டு வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் சொல்கிறாள்.

இப்பாடலைப் பாராட்டாதவர் இல்லை. அவள் முகமலர்ச்சியின் நுட்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. எழுதப்படாத ஒன்றும் உண்டு. சமைத்தவள் ஒருத்தி, சுவை சொன்னவன் ஒருவன். புகை ஒருவர் கண்ணுக்கு, தீர்ப்பு மற்றவர் நாவுக்கு. அவன் அன்று 'இனிது' என்று சொல்லியிராவிட்டால் செவிலி எதைப் போய்த் தாயிடம் சொல்லியிருப்பாள்? குழம்பு உண்மையில் எப்படி இருந்தது என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் அதை உண்டாளா என்பதும் பாட்டில் இல்லை.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் இக்காட்சி இன்னும் கனக்கிறது. கொலைக்களக் காதையில் கண்ணகி சமைப்பது சொந்த வீட்டில் இல்லை. புகாரிலிருந்து நடந்து வந்து, மதுரையில் மாதரி கொடுத்த இடத்தில் சமைக்கிறாள். காய்கனியும் அரிசியும் ஆய்ச்சியர் தந்தவை. அடுப்பு மூட்டக் கூட ஐயை துணை நிற்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கோவலன் வாழை இலையில் உண்கிறான். உண்டபின்தான் தன் பிழைகளை எண்ணிப் பேசுகிறான். ஊர் மாறிப் பிழைக்க வந்த ஒரு தம்பதியின் முதற் சமையல் என்று அக்காட்சியைப் படிப்பது தவறாகாது. அதுவே அவர்களுக்குக் கடைசிச் சமையலுமாயிற்று என்பதால் முதல் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இவ்விரண்டையும் ஓசூர்ப் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு வேறு ஒன்று புலப்படும். ஊர் மாறி வந்து, பிறர் கொடுத்த வீட்டில், அக்கம்பக்கத்தார் சொல்லிக் கொடுத்த காயைச் சமைக்கும் தம்பதியர் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றனர்.

ஓசூர் என்ற பெயருக்கே கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள் சொல்வர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய ஆலைகள் எழுந்தன. அதுமுதல் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கன்னட நாடு. சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். பெண்களும் ஆலைக்குச் செல்லும் வீடுகள் பெருகியபின் அட்டிலின் நிலையும் மாறியது. காலை 6 மணி ஷிப்டுக்குக் கணவன் கிளம்புகையில் இரவு ஷிப்டு முடிந்து மனைவி திரும்புகிறாள். வாரத்தில் பாதி நாள் அவர்களுக்குள் நடக்கும் உரையாடல், மூடிவைத்த பாத்திரத்தின் வழியே நடப்பதுதான். இருவரும் ஒருசேர வீட்டில் இருக்கும் நாள் பெரும்பாலும் ஞாயிறு. புதிய சமையலுக்குரிய நாளும் அதுவே.

தஞ்சைப் பக்கத்தில் அரிசிச் சோறும் மீன்குழம்புமாக வளர்ந்த ஒருவனையும், நாஞ்சில் நாட்டில் தேங்காய் அரைத்த குழம்புகளோடு வளர்ந்த ஒருத்தியையும் எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் களி தெரியாது. கிருட்டிணகிரி மண்ணிலோ கேழ்வரகே அடிப்படை; மானாவாரி நிலத்தில் ஆரியம் விளையாத ஊர் அங்கே குறைவு. கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி, தமிழில் களி என்று மூன்று பெயரில் அது ஒரே தட்டில் வந்து விழும். இந்த இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை களி கிண்டத் தொடங்குகின்றனர் என்றால், அங்கே யாரும் யாருக்கும் ஆசிரியர் இல்லை. 'எங்கள் அம்மா இப்படிச் செய்யமாட்டார்கள்' என்று சொல்ல வாய்ப்பே இல்லை. இருவர் அம்மாவும் அதைச் செய்ததில்லை. தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ உணவுவேளைகளைக் கசப்பாக்கிய ஒரு வாக்கியம் அந்த அடுப்பங்கரையில் செயலற்றுப் போகிறது.

களியின் செய்முறையும் இருவரைக் கேட்கிறது. ஒரு பங்கு மாவுக்கு ஏறத்தாழ இரு பங்கு தண்ணீர் கொதிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் முதலில் சிறிது நொய்யை வேகவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாவைக் குவியலாகக் கொட்டி, உடனே கிளறாமல், நடுவில் துடுப்பால் துளையிட்டு, அத்துளை வழியே கொதிநீர் மேலேறி மாவை வேகவைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகுதான் கிளறல். அந்நாள் விறகடுப்பில் கனத்த மண்பானையோ வெண்கலப் பானையோ நகராமல் நின்றது. எரிவாயு அடுப்பின்மேல் மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் துடுப்பை அழுத்திக் கிளறினால் பாத்திரம் சுழன்று வந்துவிடும். ஒருவர் இரு கையாலும் பற்றிக்கொள்ள வேண்டும். மற்றவர் கிளற வேண்டும். வெந்ததா என்று அறிய விரலை நீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பர். மாவு விரலில் ஒட்டாவிட்டால் வெந்தது. நீர் குறைந்தால் நடுவில் பச்சை மாவு கட்டி நிற்கும், கூடினால் கூழாகும். முதல் இரண்டு மூன்று முறை பெரும்பாலும் கூழ்தான். கூழும் உணவே என்பதால் பெரும் இழப்பு ஏதும் இல்லை.

உண்பதிலும் புதிதாகக் கற்க வேண்டியது இருக்கிறது. களியை மெல்லக் கூடாது. குழம்பில் தோய்த்து வழுக்கி விழுங்க வேண்டும். வேற்றூரார் முதலில் மென்று பார்த்துவிட்டு முகம் சுளிப்பர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதற்கு அது போதும்.

குழம்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சொல்லாராய்ச்சியைத் தவிர்க்க முடியாது. பழங்கன்னடத்துப் பகரம் காலப்போக்கில் ஹகரமாயிற்று என்பது மொழியியலார் கண்ட உண்மை. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புளி ஹுளி. கன்னட வீடுகளில் ஹுளி என்பது சுவையின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பருப்பும் காயும் புளியும் சேர்ந்த குழம்பின் பெயரே ஹுளி. கூடலூர் கிழாரின் தலைவி துழாவிய குழம்பும் புளியாலேயே பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் சாம்பார் என்ற பெயர் வந்து மேலேறிய பின்னர் அந்தப் பழம்பெயர் அத்திப்பள்ளிக்கு அப்பால் அன்றாட வழக்கில் நிற்பதைக் காண்கையில் வியப்பாகத்தான் இருக்கிறது. 'சாறு' என்ற சொல்லும் அப்படியே. சேலம், தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில் குழம்பைச் சாறு என்பர்; எல்லைக்கு அப்பால் சாரு. தென்னாட்டார் காதில் அது கரும்புச் சாறாக விழும். அண்டைவீட்டுப் பாட்டி 'கொள்ளுச் சாறு' என்றதும் திகைப்பர்.

மார்கழி, தை மாதங்களில் மொச்சை வரும். இரவு ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொரு கொட்டையாக விரலால் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும். அதனால்தான் பிதுக்குப் பருப்பு என்று பெயர். கன்னடத்தார் அவரை என்றே வழங்கி, இதே வினையை ஹகரத்தில் ஒலித்து, இதே குழம்பை வைப்பர். ஒரு கிலோ மொச்சையைத் தனியொருத்தி பிதுக்குவது அரைநாள் வேலை; நகக்கண் வலிக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து பிதுக்கினால் பேச்சோடு பேச்சாக முடியும். ஷிப்டு மாறி மாறி ஒரு வாரமாகப் பேசாதிருந்த பேச்சு எல்லாம் அப்போதுதான் வெளிவரும்: வீட்டு முன்பணம், குழந்தையின் பள்ளி, ஊரில் தந்தையின் கண் அறுவை. சங்கப் பாடல்களில் வாயில் மறுக்கவும் வாயில் நேரவும் தோழியும் பாணனும் தேவைப்பட்டனர். ஓசூரில் அந்த வேலையை மொச்சைக் கொட்டை செய்கிறது.

பஸ்ஸாரு என்று ஒன்று உண்டு. கீரையையும் பயறையும் சேர்த்து வேகவைத்து நீரை வடித்துவிடுவர். வடித்த நீர் மசாலை சேர்ந்து சாறாகும். வெந்த கீரையும் பயறும் தாளித்துப் பொரியலாகும். ஒரே பானையிலிருந்து இரண்டு பண்டம். ஒருவர் அரைக்க, ஒருவர் தாளிக்க, இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். சோற்றுக் கஞ்சியைத் தவிர வேறெதையும் வடித்தறியாத தஞ்சைக்காரருக்கு அந்நீரைக் கீழே கொட்டாதிருக்கக் கற்பதே பெரும்பாடு.

சேர்ந்து சமைத்தல் என்ற பெயரில் நடப்பதெல்லாம் இப்படி அழகாக நடப்பதாகக் கருதிவிடலாகாது. ஞாயிறன்று ஆண்மகன் ஆர்ப்பாட்டமாகப் பிரியாணி செய்து, பாராட்டை வாங்கிக்கொண்டு, அண்டாவையும் கரண்டிகளையும் மனைவி தேய்க்கும்படி விட்டுச் செல்வதும் சமையலாகவே கணக்கிடப்படுகிறது. 2019இல் நடுவணரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டதாகக் காட்டியது. ஈடுபட்டவர் விழுக்காடே பெண்களில் 81, ஆண்களில் 26தான்.

தமிழ் மரபு சமைக்கும் ஆணை அறியாததன்று. நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் அவன் கைப்பக்குவத்துக்குப் பெயரே சூட்டி வைத்திருக்கிறது. தமயந்தி பாகம் என்று ஒன்று இல்லை. நாள்தோறும் நடப்பதற்குப் பெயர் வைப்பதில்லை போலும். ஆயினும் நளன் கதையில் ஓர் இடம் நின்று எண்ணத்தக்கது. உருமாறித் தேரோட்டியாக வந்திருப்பவன் தன் கணவனோ என்று ஐயுற்ற தமயந்தி, அவன் சமைத்ததை வரவழைத்துச் சுவைத்துப் பார்க்கிறாள். நாவால் அவனை அடையாளம் காண்கிறாள். சமைத்தவன் அவன், தீர்ப்புச் சொன்னவள் அவள். குறுந்தொகைக் காட்சி தலைகீழாக நிற்கும் இடம் அது. அதற்கு முன்பே எத்தனை நாள் அவள் அவன் சமையலை உண்டிருந்தால் அச்சுவை நாவில் தங்கியிருக்கும்!

மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப்பார்' வெளியிட்டபோது அளவும் முறையும் அச்சேறின. மாமியாரின் கண்ணிலிருந்து சமையல் புத்தகத்துக்கு மாறியது என்பது சிறு மாற்றமன்று. புத்தகம் ஆண் பெண் பார்ப்பதில்லை, அதட்டுவதுமில்லை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் அளந்து போடும் சமையல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அச்சிட்ட குறிப்பும் கவிதையைப் போன்றதே. செய்து பார்த்தாலன்றி அது வெறும் சொல். இன்று கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது. என்றாலும் களிக்கு அண்டைவீட்டுப் பாட்டியின் விரலை விஞ்சிய நூல் இதுவரை வரவில்லை.

செவிலியைப் பற்றி ஒரு சொல். வாடகை வீட்டில் இருவராகச் சமைத்ததை எட்டிப் பார்த்துத் தாயிடம் போய்ச் சொல்ல ஓசூரில் செவிலி இல்லை. ஞாயிறு பிற்பகலில் ஊரிலிருந்து தாயே தொலைபேசியில் அழைக்கிறாள். 'என்னம்மா குழம்பு இன்னைக்கு?' என்பதே முதற் கேள்வி. பெண் பிதுக்குப் பருப்பையும் களியையும் சொல்கிறாள். யார் கிண்டியது என்று தாய் கேட்கிறாள். 'அவர் கிண்டினார், நான் பிடிச்சுக்கிட்டேன்' என்கிறாள் பெண். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த அந்தத் தாய், தன் வீட்டில் நீரிழிவோடு அமர்ந்திருக்கும் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாவுக்குத் தண்ணீர் எத்தனை பங்கு என்று மகளிடம் கேட்கிறாள்.