வல்லமை எதற்கு?

(யூபிலி விழாவுக்கு ஆயத்தமாக நடைபெற்ற முந்நாள் தியானத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கோயிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரத்துக்கு வர்ணம் பூசினோம். எல்லாம் நல்லதே. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் கிடக்கும் பழைய பெட்டிகளையும் இறக்கித் திறந்து பார்ப்பது நம் வழக்கம் அல்லவா? அதுபோல் நம்முடைய செபத்தையும் இந்த ஆண்டில் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.

நாம் இறைவனிடம் கேட்பது என்ன? பூசைக் கருத்துகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நோய் குணமாக, பிள்ளை வரம் கிடைக்க, வேலை கிடைக்க, வெளிநாட்டுப் பயணம் கைகூட, கடன் தீர, மழை பெய்ய. இவற்றைக் கேட்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. பெற்ற தந்தையிடம் கேட்காமல் பிள்ளை வேறு யாரிடம் கேட்கும்? அன்றாட உணவுக்காக மன்றாடும்படி ஆண்டவரே நமக்குக் கற்பித்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுகம் தாரும் என்று கேட்கிறோம். சுகம் கிடைத்தபின் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை. வல்லமை வேண்டும் என்கிறோம். வல்லமை எதற்கு என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வியையே இன்று மாலை நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. இராயப்பரின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். ஆண்டவர் அருகில் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். காய்ச்சல் நீங்குகிறது. உடனே அந்த அம்மாள் என்ன செய்தார்? எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். புதுமை அதோடு முடிந்துவிட்டது. ஊரைக் கூட்டவில்லை, தம் பெருமையைப் பேசவில்லை. படுத்தவர் எழுந்தார், எழுந்தவர் பிறருக்கு உழைத்தார். வல்லமை எதற்கு என்ற கேள்விக்கு நற்செய்தி தரும் முதல் விடை அந்த வீட்டு அடுக்களையிலிருந்தே வருகிறது.

ஆண்டவர் தம் வல்லமையை எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் பாருங்கள். பாலைவனத்தில் நாற்பது நாள் பட்டினி. கல்லை அப்பமாக்கு என்று சோதிப்பவன் தூண்டினான். தமக்காக ஓர் அப்பத்தையும் அவர் உண்டாக்கவில்லை. பசியோடிருந்த மக்கள் கூட்டத்துக்கோ ஐந்து அப்பத்தைப் பலுகச் செய்தார். இறுதி இரவில், தந்தை சகலத்தையும் தம் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்று அறிந்தவராக எழுந்தார் என அருளப்பர் 13-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். சகல அதிகாரமும் உள்ள கை அடுத்து எதை எடுத்தது? வாளையா? செங்கோலையா? ஒரு துண்டை எடுத்தது. சீடர்களின் கால்களைக் கழுவியது.

இதற்கு நேர்மாறான ஒருவனை அப்போஸ்தலர் பணி 8-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சமாரியாவில் சீமோன் என்னும் மந்திரவாதி. அப்போஸ்தலர்கள் கைகளை வைக்கப் பரிசுத்த ஆவி அருளப்படுவதைக் கண்டு, அந்த வல்லமையை எனக்கும் தாருங்கள் என்று பணத்தோடு வந்தான். இராயப்பர் அவனைக் கடுமையாகக் கண்டித்தார். அவன் வல்லமையைத் தன் பிழைப்புக்கு மூலதனமாகக் கேட்டான். நாமும் காணிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தருகிறேன், இதைச் செய்யும் என்று பேரம் பேசினால், நாம் நிற்பது இராயப்பரின் பக்கமா, சீமோனின் பக்கமா?

இப்படிப்பட்ட பாடம் வேத ஏட்டில் மட்டுமல்ல, நம் மண்ணிலும் எழுதப்பட்டிருக்கிறது. அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வழியாகத் தெற்கே சென்றால், நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் திருவாடானை வட்டத்தில் ஓரியூர் இருக்கிறது. நம்மில் பலர் அங்கே சென்று செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டு வந்திருக்கிறோம். அந்த மண்ணின் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வோம்.

புனித அருளானந்தர் 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். உயர்குடிச் செல்வத்தைத் துறந்து, இயேசு சபைக் குருவாக மதுரை மிஷனுக்கு வந்தார். காவியுடுத்தி, மரக்கறி உண்டு, பண்டார சுவாமியாக நம் மக்கள் நடுவே நடந்தார். 1686-ல் மறவர் சீமையில் அவரும் உடனிருந்த விசுவாசிகளும் பிடிபட்டுக் கொடிய வாதனைகளுக்கு உள்ளானார்கள். அவருக்கு மரணம் நிச்சயம் என்றிருந்த நேரத்தில் சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். இந்தச் சேதுபதிதான் தொண்டைமான் மரபினருக்குப் புதுக்கோட்டைச் சீமை கிடைக்கக் காரணமானவர் என்று நம் வட்டார வரலாறு கூறுகிறது. என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று மன்னர் கட்டளையிட்டார். பின்னர் மிஷன் அலுவலாக ஐரோப்பா சென்ற சுவாமி, அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1690-ல் இந்தியா திரும்பி, மீண்டும் அதே மறவர் நாட்டுக்கு வந்தார்.

அப்போது தடியத்தேவர் என்னும் அரசகுலத்துப் பெருமகன் தீராத நோயால் வருந்தினார். வைத்தியர்கள் கைவிட்டார்கள். சுவாமியைத் தேடி ஆள் அனுப்பினார். சுவாமி உடனே போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் மேல் நற்செய்தியை வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது: இறைவனின் வல்லமை இறங்கியது குருவானவரின் கையால் அல்ல, உங்களைப் போன்ற ஒரு பொதுநிலையினரின் வாசிப்பாலும் செபத்தாலும்.

சுகம் பெற்ற தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். நாமாக இருந்தால், பெரிய மனிதர் வருகிறார் என்று மேளம் கொட்டி வரவேற்றிருப்போம். அருளானந்தரோ, மனைவியர் பலர் உள்ள நீர் ஒருவரோடு மட்டும் வாழச் சம்மதமா என்று கேட்டார். நோய் நீங்கியது இலவசம். வாழ்க்கை மாறுவதற்கு விலை உண்டு. தடியத்தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் துயரத்தையும் நாம் அற்பமாக எண்ண வேண்டியதில்லை. அவர் மன்னரிடம் முறையிட்டார். 1693 ஜனவரியில் சுவாமி கைதானார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவருடைய தலை வெட்டப்பட்டது. 1947 ஜூன் 22-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இப்போது ஒரு கேள்வி. 1686-ல் அவரை மரணத்தினின்று காத்த இறைவன், 1693-ல் எங்கே போனார்? அதே சுவாமி, அதே மன்னர், அதே செபம். முதல்முறை விடுதலை, மறுமுறை வாள். பிறருடைய நோயை நீக்கிய வல்லமை, தம் ஊழியரின் கழுத்தைக் காக்கவில்லையே! வல்லமை என்பது ஆபத்திலிருந்து தப்புவதற்கே என்று எண்ணினால் இக்கேள்விக்கு விடையில்லை. தந்த பணியில் தவறாமல் நிலைத்திருப்பதற்கே வல்லமை என்று கொண்டால், இரண்டு நாளும் ஒரே வல்லமைதான் செயல்பட்டது என்பது விளங்கும். முதல்முறை அவரை வாழவைத்துத் தொண்டு செய்யச் செய்தது. மறுமுறை அஞ்சாமல் சாகச் செய்தது. அவருடன் மதுரை மிஷனில் உழைத்த புஷே சுவாமி அதே காலத்தில் நம் ஆவூரில் கோயில் கட்டினார். அந்த விதையின் விளைச்சல்தான் இன்று யூபிலி கொண்டாடும் நாம்.

அன்பர்களே, இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் பங்கில் கண்ணீரோடு செபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்கிறார். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர் இருக்கிறார். அவர்களிடம் போய், உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகமில்லை என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இது புண்ணில் வேல் பாய்ச்சுவது. அப்படியானால் அருளானந்தருக்கும் விசுவாசம் போதவில்லையா? தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை மன்றாடிய சின்னப்பருக்கும் போதவில்லையா? முள் எடுக்கப்படவில்லை, தாங்கும் அருள் தரப்பட்டது. சுகம் கிடைப்பதும் வல்லமை. சுகமில்லாத நாளில் இறைவனைக் கைவிடாமல் இருப்பதும் வல்லமை. ஆகவே செபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரின் அறிவும் மருந்தின் குணமும் படைத்தவரின் கொடைதானே!

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வீசிய கஜா புயலை நாம் மறக்க முடியுமா? தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது முன்னோர் வாக்கு. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் பிள்ளைபோல் வளர்த்த தென்னையும் பலாவும் வாழையும் அந்த ஓரிரவில் சாய்ந்து கிடந்தன. காற்றையும் கடலையும் அதட்டிய ஆண்டவர் அன்று ஏன் அதட்டவில்லை என்று பலர் கேட்டார்கள். அதற்கு எளிதான பதில் நம்மிடம் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் நடந்தது நமக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத அந்நாட்களில் ஒரே அடுப்பில் பல வீட்டார் உண்டார்கள். தன் கூரை பறந்து கிடக்க, பக்கத்து வீட்டுக் கிழவியின் கூரைக்கு முதலில் கீற்றுப் போட்டவர்கள் உண்டு. சாதியும் சமயமும் பாராமல் சோறு பகிர்ந்தவர்கள் உண்டு. பிற்பாடு நம் மாவட்டத்து இளைஞர்கள் தூர்ந்து கிடந்த குளங்களை வெட்டச் சொந்தக் கைக்காசு போட்டார்கள். மின்கம்பியில் ஓடும் மின்சாரம் கம்பிக்காக ஓடுவதில்லை; விளக்குக்காக ஓடுகிறது. அதுபோல் நம் வழியாக ஓடும் வல்லமை அடுத்தவர் வீட்டு இருளைப் போக்கவே ஓடுகிறது.

அப்படியானால் அன்றாட வாழ்வில் இந்த வல்லமை எங்கே தெரிய வேண்டும்?

முதலாவது, வீட்டில். மாலையில் மதுக்கடைப் பக்கம் திரும்பும் காலை வீட்டுப் பக்கம் திருப்புவதற்கு மலையைப் பெயர்ப்பதைவிடப் பெரிய வல்லமை வேண்டும். வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் வீட்டுக்கு முதலில் படியேறிப் போகவும் வல்லமை வேண்டும். பொறுமை என்ற பெயரால் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு கிடப்பது வல்லமை ஆகாது. வாய் திறந்து உதவி கேட்கும் துணிவே அங்கே இறைவன் தரும் வல்லமை.

இரண்டாவது, தொழிலில். தராசை நேராகப் பிடிப்பதும், கூலியை அன்றைக்கே கொடுப்பதும், ஏழையின் அவசரத்தைப் பார்த்து வட்டியை ஏற்றாதிருப்பதும் கோயிலுக்கு வெளியே நடக்கும் ஆராதனை. கோயிலில் கை உயர்த்தித் துதிப்பவன் கடையில் எடையைத் தாழ்த்தினால், அந்தத் துதி கூரையைத் தாண்டாது.

மூன்றாவது, சமூகத்தில். சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று 1982-ல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை தெளிவாக அறிவித்தது. அப்படியிருந்தும் தேர் வீதியிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் பழக்கம் தமிழகத் திருச்சபையில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, வெளியே வந்ததும் பிரிந்து நிற்கிறோம். இறந்தவரை உயிர்ப்பித்த ஆண்டவரை நம்புகிறோம். இறந்தவரைப் பக்கத்தில் புதைக்க அஞ்சுகிறோம். எந்த நோய்க்காகக் குணம் கேட்டாலும், இந்த நோய்க்காகக் கேட்க மறக்கிறோமே!

உறுதிபூசுதலில் ஆயர் உங்கள் நெற்றியில் தைலம் பூசியபோது, சீமோன் பணம் கொடுத்துக் கேட்ட அந்த வரம் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட்டது. அதைப் புதிதாக எங்கும் தேடி அலைய வேண்டாம். விதை நெல்லைக் குதிரிலேயே வைத்துக் கும்பிட்டால் விளையாது. வயலில் இறைக்க வேண்டும்.

லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில் இறைவன் ஐம்பதாம் ஆண்டை யூபிலியாக ஏற்படுத்தினார். அந்த ஆண்டில் அடிமை விடுதலையடைந்து தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் விற்ற காணி உரியவனிடம் திரும்ப வேண்டும். எகிப்தின் அடிமை நுகத்தை வல்லமையோடு முறித்த இறைவன், அந்த வல்லமையைப் பெற்ற மக்களிடம் எதிர்பார்த்தது இதுவே: உன்னை விடுவித்தேன், நீ பிறரை விடுவி.

ஆகையால் விழா நாளுக்கு முன்பாக ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யும்படி வேண்டுகிறோம். உங்களிடம் ஏழை ஒருவர் பட்ட கடனில் ஒரு பகுதியையாவது தள்ளிவிடுங்கள். கடன் கொடுக்க வசதியற்றவர்கள், மனத்தில் வைத்திருக்கும் பழைய பகை ஒன்றைத் தள்ளிவிடுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். அந்த வெற்றுக் கையோடு பீடத்தண்டை வாருங்கள். அதில் எதை நிரப்ப வேண்டும் என்பது இறைவனுக்குத் தெரியும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவி உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.