மலிவான வீட்டின் விலை

(பலெர்மோவில் எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் படிச்சது அம்மாவிடமும் சனிக்கிழமைப் பள்ளியிலும். இடையில இத்தாலியன் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாடு பற்றித்தான் முதுகலை செய்யிறன். ஆனால் இண்டைக்குக் கதைக்க வந்தது பாடத்தைப் பற்றி இல்லை, எங்கட வீட்டைப் பற்றி.

அம்மா, தம்பி, நான் மூண்டு பேரும் பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில வாடகைக்கு இருக்கிறம். கூரைக்கு நேர் கீழ் மாடி. இத்தாலியில வீட்டை விற்கவோ வாடகைக்குக் குடுக்கவோ எரிசக்திச் சான்றிதழ் வேணும். ஏ4 மிகச் சிறந்தது, ஜி கடைசி. எங்கட வீடு ஜி.

2023 யூலை 24 நினைவிருக்கும். நோர்மன் அரண்மனையில இருக்கிற வானியல் ஆய்வுக்கூடத்தில 47 பாகை பதிவானது. அந்த இரவிலயே நகரைச் சுற்றி மலைகள் எரிஞ்சது, அடுத்த நாள் விமான நிலையத்தைக் கொஞ்ச நேரம் மூடினவை. எங்கட தெருவில கரண்டும் இல்லை. அம்மா மூண்டு வீடு துடைச்சுப்போட்டு வந்து, ஈரத் துவாயைச் சுத்திக்கொண்டு படிக்கட்டில படுத்தா. பகல் முழுக்கக் கூரை குடிச்ச வெயில் விடியும்வரை உள்ளுக்குள்ள இறங்கிக்கொண்டே இருந்தது. அண்டைக்குத்தான் அம்மா சொன்னா: "பிள்ளை, இனி ஒரு வீடு வேண்டுவம். சின்னனா இருந்தாலும் பரவாயில்லை, படுத்து நித்திரை கொள்ளக்கூடிய வீடு."

அந்த வருசம் முழுக்க நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லுறன்.

முதலில் வயது. 36 வயதுக்குக் குறைஞ்சவர்கள் முதல் வீடு வாங்கினால் பதிவு வரி இல்லை எண்டு 2021இல் அரசு அறிவிச்சது. 2023 கடைசிவரை அது இருந்தது. அதோட, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்த முதல் வீட்டு உத்தரவாத நிதி, இளம் ஆட்களின் கடனுக்கு 80 வீதம்வரை பொறுப்பு நிற்கும். குடும்பத்தின் இசே 40,000 யூரோவைத் தாண்டக்கூடாது. அம்மாவுக்கு 50 தாண்டியாச்சு, எனக்கு 24. அப்ப வீடு என்ர பெயரில. சீட்டுக் காசும் அடைவு வைக்கக்கூடிய நகையும் முன்பணத்துக்கு இருக்குது.

வங்கியில இருந்தவர் மரியாதையாத்தான் கதைச்சார். என்னிடம் சம்பளத் துண்டு கேட்டார். நான் மாணவி, இல்லை. அம்மாவினதைக் கேட்டார். அம்மா கிழமைக்கு 30 மணித்தியாலம் வேலை செய்யிறா. கொந்த்ராத்தோவில இருக்கிறது 12 மணித்தியாலம். மிச்சம் நேரோ, கையில காசு. அவர் பேப்பரை மடிச்சுத் திருப்பித் தந்தார். அரசு உத்தரவாதம் குடுக்கிறது வங்கிக்கு. வங்கி பார்க்கிறது சம்பளத் துண்டை.

இரண்டாவது, வீட்டின் வகுப்பு. நாங்கள் இரண்டு வீடு பார்த்தம். ஒண்டு புதுசு, ஏ வகுப்பு, வெயில் உள்ளுக்க வராது. மற்றது அறுபதுகளில கட்டின அடுக்குமாடி, ஜி வகுப்பு. புது வீட்டின் விலை பழசின் இரண்டு மடங்குக்கும் மேல.

2023இல் புது வீட்டுக்கு ஒரு சலுகை இருந்தது. கட்டினவரிடமிருந்து ஏ அல்லது பி வகுப்பு வீடு வாங்கினால், குடுத்த வாட் வரியில பாதியை வருமான வரியில கழிக்கலாம், பத்து வருசத் தவணையில. கணக்குப் போட்டுப் பார்ப்பம். வீடு 150,000 யூரோ எண்டால், முதல் வீட்டுக்கு வாட் 4 வீதம், அதாவது 6,000. பாதி 3,000. வருசத்துக்கு 300. ஆனால் கழிக்கிறதுக்கு முதல்ல வருமான வரி கட்டவேணும். எட்டாயிரத்துச் சொச்சம் யூரோவரை சம்பளத்துக்கு வரி இல்லை. அம்மாவின் அறிவிச்ச சம்பளம் அதுக்குக் கீழ. எங்களுக்குக் கிடைக்கக்கூடிய சலுகை பூச்சியம்.

இன்னொண்டு: நிறைய வங்கிகள் நல்ல வகுப்பு வீட்டுக்கு வட்டியைக் குறைக்குது, 'பச்சை முத்துவோ' எண்டு பெயர். அப்ப மலிவான வீட்டை மட்டும் வாங்கக்கூடியவருக்கு வட்டியும் கூட, கரண்ட் பில்லும் கூட. முப்பது வருசக் கணக்கில பார்த்தால் அந்த வீடு மலிவே இல்லை.

அந்த மலிவு வீடுகள் எங்க இருந்து வந்தது? 1943 குண்டுவீச்சில உடைஞ்ச பழைய நகரை அப்படியே இடிஞ்சுபோக விட்டுட்டு, ஐம்பது அறுபதுகளில சுற்றியிருந்த தோடம்பழத் தோட்டங்களில கொங்கிறீட் ஊற்றினார்கள். லீமாவும் சான்சிமீனோவும் நகரசபையில இருந்த காலம். மாஃபியாவுக்கு நெருக்கமான கட்டடக்காரர் கொழுத்தார்கள். அதைத்தான் 'பலெர்மோவின் சூறையாடல்' எண்டு சொல்லுறது. எரிசக்திச் சேமிப்புக்கான இத்தாலியின் முதல் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்தச் சுவர்களுக்குள்ள வெப்பக்காப்பு எண்டு ஒண்டும் இல்லை. இந்த ஊரின் பிரபுக்கள் 'சிரோக்கோ அறை' எண்டு நிலத்துக்குக் கீழ அறை குடைஞ்சு வெக்கைக்கு ஒளிஞ்சவை. குளிர்ச்சி இங்க எப்பவும் வர்க்க விசயம்தான்.

இனி சூப்பர்போனுஸ். 2020 மே மாதம் வந்தது: வீட்டை இரண்டு வகுப்பு உயர்த்தினால் செலவின் 110 வீதம் வரிக்கழிவு. அரசுக்குப் போன செலவு 120 பில்லியன் யூரோவுக்கும் மேல. திருத்தப்பட்ட கட்டடங்கள் ஏறத்தாழ 5 லட்சம். நாட்டில குடியிருப்புக் கட்டடங்கள் 1 கோடி 20 லட்சம். நூற்றுக்கு நாலு. முடிவெடுத்தது வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்கு இருக்கிறவர் இல்லை.

ஆனால் நேர்மையாச் சொல்லவேணும். அந்தத் திட்டத்தில ஒரு நல்ல கதவு இருந்தது. வரிக்கழிவை வேலை செய்யிற கொம்பனிக்கோ வங்கிக்கோ மாத்திக் குடுக்கலாம். அதால வரி கட்டாத ஏழைச் சொந்தக்காரரும் கையில காசில்லாமல் வேலை செய்விக்கலாம். மோசடி நடந்தது உண்மை, செலவு கட்டுக்கடங்காமல் போனதும் உண்மை. ஆனால் 2023 பெப்ரவரியில மெலோனி அரசு மூடினது முதல்ல அந்தக் கதவைத்தான். குறைஞ்ச வீதத்தில வரிக்கழிவு மிஞ்சினது, வரி கட்டுறவருக்கு.

வேற வழி இருந்ததா? இருந்தது, இதே நாட்டில. 1949இல் ஃபன்ஃபானி கொண்டுவந்த இனா-காசா திட்டம். அவர் இடதுசாரி இல்லை, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அமைச்சர். தொழிலாளியின் சம்பளத்தில 0.6 வீதம், முதலாளியிடம் 1.2 வீதம், மேல அரசின் பங்கு. 14 வருசத்தில சுமார் 3.5 லட்சம் வீடுகள். ஒரு பகுதி வாடகைக்கு, ஒரு பகுதி நீண்ட தவணையில சொந்தமாக. சலுகையை அறிவிச்சுப்போட்டுச் சந்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கேல்லை. காசைச் சேர்த்து வீட்டைக் கட்டினார்கள்.

இப்ப 2024இன் ஐரோப்பிய வழிகாட்டுச் சட்டம் இருக்கு. 2030க்குள்ள வீடுகளின் சராசரி எரிசக்திப் பயன்பாடு 16 வீதம் குறையவேணும். அந்தச் சேமிப்பில பாதிக்கும் மேல மிக மோசமான கட்டடங்களில இருந்து வரவேணும். அதாவது எங்கட கட்டடங்களில இருந்து. நல்ல விசயம். ஆனால் திருத்தின பிறகு வாடகையை ஏத்தி எங்களை வெளியில அனுப்பினால், அது எங்களுக்கு நல்ல விசயம் இல்லை.

அதனால நாங்கள் கேட்கவேண்டியது மூண்டு. வரிக்கழிவுக்குப் பதில் நேரடி மானியம், வருமானம் குறைஞ்சவருக்குக் கூடுதலாக. முதல் வேலை சென், போர்கோ நுவோவோ போன்ற பொதுக் குடியிருப்புகளில. பொதுப் பணத்தில திருத்தின வீட்டுக்கு வாடகை உச்சவரம்பு. இதைத் தனியாத் தமிழராக் கேட்டு வராது. வங்காளதேசத்தவர், கானாக்காரர், சிசிலி ஏழைகள் எல்லாரும் அதே படிக்கட்டிலதான் படுக்கினம்.

எங்கட பக்கமும் ஒரு வேலை இருக்கு. "நேரோ எண்டால் கையில கூடக் கிடைக்கும்" எண்டு நாங்களே சம்மதிக்கிறம். அந்த 18 மணித்தியாலம் அம்மாவின் கடனையும் தின்றது, நாளைக்குப் பென்சனையும் தின்னும். சீட்டுக் காசில வீடு வாங்கின எங்கட ஆட்களே அதை அறை அறையாப் பிரிச்சு, வெக்கைக்குள்ள எங்கட பெடியளை அடைக்கிறதும் நடக்குது. அதையும் இங்க வைச்சுக் கதைக்கத்தான் வேணும்.

நாங்கள் இன்னும் வீடு வாங்கேல்லை. ஆனால் போன மாதம் அம்மா ஒரு வீட்டுக்காரியிடம் கேட்டு, கொந்த்ராத்தோவில மணித்தியாலத்தைக் கூட்டிப் பதிவிச்சிருக்கிறா. மற்ற இரண்டு வீட்டிலயும் தனியாக் கேட்கப் பயப்பிடுறா. அடுத்த சந்திப்புக்கு உங்கட கொந்த்ராத்தோவையும் இன்ப்ஸ் கட்டின துண்டுகளையும் கொண்டுவாங்கோ. ஒண்டா இருந்து பார்ப்பம்.