இரண்டாம் தடவை எழுதிய கடிதம்

(தோட்டக் கமிட்டி இளைஞர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



நம்ம பாடசாலையில் உயர்தரம் வரை படித்து, கொழும்பில் ஒரு வருடம் தொழில்சார் தொடர்பாடல் பாடநெறி முடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளையை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். "அங்க என்னம்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று விசாரித்தோம். "கடிதம் எழுத, சேர்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் எழுதப் படிக்க ஒரு வருடமா? நாங்கள் பத்து வருடமாகச் சங்கத்துக்காகக் கடிதம் எழுதுகிறவர்கள் ஆயிற்றே.

அந்தச் சிரிப்பு ஒரு கிழமைதான் நீடித்தது.

31 வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. ஓய்வுபெற்று 14 மாதமாகியும் பணிக்கொடை கைக்கு வரவில்லை. தோட்ட ஆபீசுக்கு மூன்று கடிதம் கொடுத்திருந்தோம். பிரதி கேட்டார் பிள்ளை. ஒன்றுக்குத்தான் எங்களிடம் பிரதி இருந்தது. ஒன்றரைப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடங்கியிருந்தோம். அம்மாவின் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. பதிவு இலக்கம் இல்லை, ஓய்வுபெற்ற திகதி இல்லை. நடுவில் லயத்துக் கூரை ஒழுகுவதையும் பிள்ளை மடுவத்துக்குப் பால்மா வராததையும் சேர்த்திருந்தோம். ஒரே தாளில் எல்லாம் முடியட்டும் என்ற எண்ணம்.

பிள்ளை வாசித்து முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், கிளாக்கர் ஐயா இதை வாசிச்சு முடிச்சதும் என்ன செய்யணும்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. எழுதும்போது நாங்கள் கிளாக்கரை நினைக்கவே இல்லை. மேடையில் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறோம். கைதட்ட ஆளில்லாத மேடை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய நாட்சம்பள வீதத்தில். 31 வருடத்துக்கு 434 நாள் சம்பளம். சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். இந்த 434 என்ற எண் எங்கள் மூன்று கடிதத்தில் எதிலுமே இல்லை! கூரைக்கும் பால்மாவுக்கும் வேறு வேறு கடிதம் என்று பிரித்துவிட்டு, இதற்கு மட்டும் ஒன்பது வரியில் பிள்ளை எழுதினார்.

அவர் வெட்டியதில் எங்களுக்கு அதிகம் உறைத்தது ஒரு வரிதான். "தயவுகூர்ந்து கருணை காட்டும்படி பணிவுடன் மன்றாடுகிறோம்" என்று முடித்திருந்தோம். "இது சட்டப்படி வரவேண்டிய காசுதானே சேர், ஏன் மன்றாடணும்?" என்று பேனாவால் ஒரு கோடு. மே தினத்தில் உரிமை உரிமை என்று தொண்டை வற்றக் கத்துகிறவர்கள் நாங்கள். தாளில் எழுதும்போது கை தானாகக் கும்பிட்டிருக்கிறது.

ஆனால் அந்தப் படிப்பை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் நாங்கள் தயாரில்லை. புதுக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பிள்ள, இதுல நா எங்க இருக்கேன்?" என்றார். அட்டை கடித்த கால், மழையில் நின்ற நாட்கள், எதுவும் அதில் இல்லைதான். ஆபீஸ் கடிதத்தில் மனவருத்தம் எழுதக்கூடாது என்று பாடத்தில் சொன்னார்களாம். இரவு ஒன்பது மணிவரை வாக்குவாதம். கடைசியில் கடிதத்தை அப்படியே விட்டோம். அம்மாவின் கதையை அவர் சொல்லச் சொல்ல வேறு தாளில் எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்கி வைத்தோம். விசாரணை என்று வந்தால் அவரே வாய் திறந்து சொல்ல.

இன்னொன்று. வகுப்பில் கடிதம் எழுதினால் ஆசிரியர் வாசித்துப் புள்ளி போடுவார். வாசிக்க விரும்பாதவனுக்கு எப்படி எழுதுவது என்று அங்கே பாடம் இல்லை. எங்கள் பிரதியில் ஒப்பமிட ஆபீசில் மறுத்தார்கள். அந்த இடத்தில் பிள்ளை திகைத்து நின்றார், அங்கே சங்கத்தின் பழைய அனுபவம் உதவியது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பிரதியிலேயே ஒட்டினோம். ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லாததால் தொழில் காரியாலயத்துக்கு முறைப்பாடு போனது. தமிழிலேயே எழுதினோம். அரசாங்கக் காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தந்திருக்கிறது. பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் தரும்படி கேட்டு இன்னொரு கடிதம் எழுதினோம், நான்கே வரி. தமிழில் வந்தது.

காசு இன்னும் வரவில்லை. விசாரணைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அம்மா தினமும் சாயந்தரம் பிள்ளையின் வீட்டுக்கு வந்து, அங்கே என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று பேசிப் பார்க்கிறார். இப்போது 434 என்ற எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இதே மாதிரி ஓய்வுபெற்றுக் காசு வராதவர்கள் உங்கள் டிவிசனிலும் இருப்பார்கள். அடுத்த ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டி வாருங்கள். அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், கடைசிச் சம்பளத் துண்டு, வேலைக்குச் சேர்ந்த வருடத்தைக் காட்ட ஏதாவது ஒரு கடதாசி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். பழைய கடிதப் பிரதி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், எங்கள் கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.