தில்லி யார் பக்கம்?

தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வஞ்சிரமும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் கூடும் சந்தை அது. அந்தச் சந்தை இருக்கும் வட்டாரம் அரசியலில் எந்தக் கட்சியின் பக்கம் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? புது தில்லி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது இந்த இடம். 2014, 2019, 2024 என்று மூன்று தேர்தல்களிலும் அங்கே வென்றது பாரதிய ஜனதா. அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய புது தில்லி சட்டமன்றத் தொகுதியிலோ 2013, 2015, 2020 மூன்று முறையும் வென்றவர் ஆம் ஆத்மி கட்சியின் அர்விந்த் கெஜ்ரிவால். உள்ளாட்சியைப் பார்க்கலாம் என்றால், புது தில்லி முனிசிபல் கவுன்சிலில் வார்டுத் தேர்தலே கிடையாது. அதன் தலைவரை நியமிப்பது மத்திய அரசு. ஆக, 2025 வரை ஒரே வட்டாரத்துக்கு இரண்டு எதிரெதிர் பதில்கள் இருந்தன, மூன்றாவது இடத்தில் கேள்வியே கேட்கப்படவில்லை.

இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதுதான் முழுத் தில்லி. 2014 மே மாதம் மக்களவையின் 7 இடங்களையும் பாரதிய ஜனதா எடுத்துக்கொண்டது. ஒன்பதே மாதம் கழித்து, 2015 பிப்ரவரியில், சட்டமன்றத்தின் 70 இடங்களில் 67 ஆம் ஆத்மிக்குப் போயின. முதல் முடிவைப் பார்த்தவர்கள் தில்லி காவிக் கோட்டை என்றார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் துடைப்பத்தின் கோட்டை என்றார்கள். இரண்டு பேச்சுமே தவறு என்பது என் கருத்து. வாக்குகளை எடுத்துப் பாருங்கள். 2014இல் ஓர் இடம்கூடக் கிடைக்காத ஆம் ஆத்மிக்கு வாக்களித்தவர்கள் 33 விழுக்காடு. 2015இல் மூன்றே இடங்கள் பெற்ற பாரதிய ஜனதாவுக்கு வாக்களித்தவர்கள் 32 விழுக்காடு. இரண்டு முறையும் ஊரில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தோற்ற பெரிய கட்சியோடு நின்றார்கள். இரண்டு முறையும் அவையைப் பார்த்தால் அவர்கள் இந்த ஊரில் குடியிருப்பதாகவே தெரியவில்லை. 2015இல் பாரதிய ஜனதா வாங்கியவை ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள். கணக்குப் போட்டால் அவர்களின் ஓர் உறுப்பினருக்கு ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். ஆம் ஆத்மியின் ஓர் உறுப்பினருக்கு எழுபத்து மூவாயிரம் போதுமானதாக இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? தொகுதி எல்லைகளை ஆளுங்கட்சி தன் வசதிக்கு வெட்டிக்கொண்டதா என்ற சந்தேகம் எழலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமுண்டு, அங்கே எல்லைகளை வரைகிறவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே. நம் நாட்டில் அந்த வேலை தொகுதி மறுவரையறை ஆணையத்தினுடையது. அதோடு, ஒரே தில்லி, ஒரே எல்லைகள், 2015இல் ஒரு கட்சிக்கும் 2025இல் இன்னொரு கட்சிக்கும் சாதகமாக இருந்திருக்கின்றன. காரணம் வேறு. ஒரு கட்சியின் ஆதரவு எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால், இரண்டாமிடத்தில் இருக்கும்வரை அது எல்லா இடத்திலும் தோற்கும். நெல்லை வயல் முழுக்கத் தூவியதற்கும் ஒரு மூலையில் குவித்ததற்கும் உள்ள வித்தியாசம் அது. இதற்கு 1977 இலங்கைத் தேர்தலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்கு வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 168 இடங்களில் கிடைத்தவை 8. ஏழு விழுக்காடுகூட எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்த வாக்கு அது. அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பாதியைச் சற்றே தாண்டி, சுமார் 51 விழுக்காடு வாங்கிய ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140 இடங்கள், அதாவது ஆறில் ஐந்து பங்கு. அந்தப் பலத்தை வைத்து அடுத்த ஆண்டே நாட்டின் அரசியலமைப்பையே மாற்றி எழுதினார்கள். பாதி நாடு கொடுத்த அனுமதியை வைத்து முழு நாட்டின் தலைவிதியை எழுதலாம் என்றால், இடக்கணக்கு எவ்வளவு கனமான விஷயம் என்பதை நாம் உணர வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2014இல் 44 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39இல் 37 இடங்கள், 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்குப் பூஜ்யம். 2024இல் சுமார் 47 விழுக்காடு வாங்கிய தி.மு.க. கூட்டணிக்கு 39இல் 39. இந்த இரண்டு ஆண்டுகளிலும் வாக்களித்த தமிழ்நாட்டவரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வென்ற அணிக்கு வாக்களிக்காதவர்கள்.

ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நான் லேசாக ஒதுக்க விரும்பவில்லை. தில்லி வாக்காளருக்கு நிலையான கட்சிச் சாய்வு என்று ஒன்று இருந்தால்தானே அது பிரதிபலிக்கிறதா என்று கேட்க முடியும்? 2019 மே மாதம் ஆம் ஆத்மிக்கு 18 விழுக்காடு, பாரதிய ஜனதாவுக்கு 57. 2020 பிப்ரவரியில் ஆம் ஆத்மிக்கு 53க்கு மேல், பாரதிய ஜனதாவுக்கு 38. ஒன்பது மாதத்தில் ஓர் ஊரின் மனசாட்சி தலைகீழாகாது. பிரதமர் யார் என்ற கேள்விக்கு ஒரு பதில், மின்கட்டணத்தையும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் யார் கவனிப்பது என்ற கேள்விக்கு இன்னொரு பதில் என்று அதே மனிதர் யோசித்துப் பிரித்துப் போட்ட வாக்கு அது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாநிலத்தை ஒரு கட்சியின் சொத்தாகச் சொல்லவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் மக்கள் சொன்ன பதில், அந்தந்த அவையில் அதே அளவில் ஒலித்ததா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. 57 விழுக்காடு என்பது ஏழுக்கு ஏழாகவும், 53 என்பது எழுபதுக்கு அறுபத்திரண்டாகவும் மாறும்போது பதில் திரிந்துபோகிறது.

இன்னொரு மறுப்பு, நிலையான ஆட்சி வேண்டாமா என்பது. 2013 டிசம்பரில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் 49 நாளில் ஓர் ஆட்சி பதவி விலகி, தில்லி ஏறக்குறைய ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சியில் கிடந்தது உண்மைதான். ஆனால் ஆட்சி நிலைக்க 36 பேர் போதும், 67 பேர் தேவையில்லை. மூன்று பேர் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கும் அவையில் வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாகக் கேட்க யாருக்கு நேரம் இருக்கும்? 2025 பிப்ரவரியைப் பாருங்கள். பாரதிய ஜனதாவுக்கு 45.56, ஆம் ஆத்மிக்கு 43.57. இரண்டே இரண்டு விழுக்காடு வித்தியாசம், இடங்களோ 48க்கு 22. கெஜ்ரிவால் தன் தொகுதியில் தோற்றது 4,089 வாக்குகளில். அங்கே காங்கிரஸ் வேட்பாளர் வாங்கியது 4,568. காங்கிரசுக்குப் போன வாக்கெல்லாம் கெஜ்ரிவாலுக்குப் போயிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வெற்றியை முடிவு செய்வதில் ஊரின் சாய்வு எவ்வளவு, எதிரணி பிரிந்து நின்ற தற்செயல் எவ்வளவு என்று கேட்காமல் இருக்க அந்த எண்ணிக்கை நம்மை விடாது.

மாற்று வழி கனவல்ல. 1977இல் ஒரே கட்சி இடங்களை வாரிச் சென்ற அதே இலங்கை, 1978 அரசியலமைப்பில் விகிதாசார முறைக்கு மாறியது. 2024இல் 61 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 இடங்கள் கிடைத்தன. பெரிய வெற்றிதான், ஆனாலும் எதிரணி துடைத்தெறியப்படவில்லை. நம் சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் 25 விழுக்காடு இடங்களைக் கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்றது. நம் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. என்ற உறவு அறாது, தோற்றவர்களின் குரலும் அவைக்குள் வரும். கால் நூற்றாண்டு ஆகியும் அந்த யோசனை ஏட்டிலேயே இருக்கிறது. இடங்களை வாரிக்கொண்ட கட்சி எதுவும் அதைக் கையில் எடுக்காது. தோற்ற கட்சியும் அடுத்த முறை நாம் வாரிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறது. எனவே கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்கள்தான். நேயர்களே, அடுத்த தேர்தல் முடிவு வரும் நாளில் எத்தனை இடம் என்று கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். எத்தனை விழுக்காடு என்றும் கேளுங்கள். உங்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அந்த 1999 பரிந்துரை என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.